மாஸ்க்கை பிளைட்ல கொண்டுபோகலாம்… காற்றை? ஸ்கூபா டைவிங் எல்லா ஊரிலும் ஏன் ஒரே மாதிரி கிடைப்பதில்லை? | விளக்கம்

அந்தமான் போய்ட்டு வந்த யாரோட இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்தாலும் ஒரு வீடியோ நிச்சயம் இருக்கும். முகத்தில் மாஸ்க், வாயில் குழாய், பின்னாடி பவளப்பாறை, விரலால் 'ஓகே' சைகை. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவில் ஸ்நோர்கெல்லிங் செய்த படங்கள் வெளியான பிறகு, கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கும் ஆசை இந்தியாவில் இன்னும் பலருக்கு வந்திருக்கிறது.

ஆனால், ஆசை இருந்தா மட்டும் போதுமா? தாய்லாந்தின் ஒரு குட்டித் தீவில் தெருவுக்கு நாலு டைவிங் கடை இருக்கு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில் அப்படி ஒரு தெரு கிடையாது. ஒரு நாட்டில் கார்டு காட்டினால்தான் சிலிண்டர் தருவாங்க. இன்னொரு நாட்டில் மீன்பிடிப் படகில் எந்தப் பயிற்சியும் இல்லாத தொழிலாளி ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட சிலிண்டர்களைக் காலி செய்கிறார்.

ஏன் இந்த வித்தியாசம்? யாருக்குப் பாதுகாப்பான காற்று கிடைக்குது, யாருக்குக் கிடைக்கல? விரிவாகப் பார்க்கலாம்.

சிலிண்டருக்குள் இருப்பது ஆக்ஸிஜன் இல்லை!

முதலில் ஒரு தவறான புரிதலைச் சரி செய்துடலாம். முதுகில் மாட்டும் சிலிண்டரை 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்றுதான் பலரும் சொல்கிறோம். சாதாரண டைவிங்கில் அதற்குள் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்றுதான். அதை வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்துக்குத் திணித்து வைத்திருப்பார்கள்.

1943-ல் பிரான்ஸைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காக்னானும் சேர்ந்து 'அக்வா-லங்' கருவியை உருவாக்கினார்கள். சிலிண்டரில் அழுத்தமாக இருக்கும் காற்றை, நாம் இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் 'ரெகுலேட்டர்'தான் அதன் உயிர். இன்றைக்கு இருக்கும் ஸ்கூபா கருவிகளுக்கும் அடிப்படை அதுதான்.

ஒரு டைவருக்கு என்னென்ன வேணும்? மாஸ்க், காலில் மாட்டும் ஃபின்ஸ், ரெகுலேட்டர், மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், குளிருக்கு வெட்சூட், எடைக்கட்டி, சிலிண்டர். இதில் சிலிண்டரைத் தவிர எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு பிளைட்டில் எடுத்துப் போகலாம்.

காற்று நிரப்பிய சிலிண்டருக்கு விமானத்தில் அனுமதி இல்லை. வால்வைக் கழற்றி, உள்ளே காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுபோனால்தான் அமெரிக்க விமான நிலையங்களில் விடுவார்கள். பொதுவாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் ஒன்றே சுமார் 14 கிலோ. யாரும் சுமந்துகொண்டு போறதில்லை.

ஆக, நீங்க எவ்வளவு பணக்காரரா இருந்தாலும், எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும், காற்றை உள்ளூரில்தான் வாங்கணும். அந்த ஊரில் கம்ப்ரஸர் வைத்திருக்கும் ஒரு கடை இருந்தே ஆகணும். கடை இல்லைன்னா டைவிங்கும் இல்லை.

கார்டு காட்டினால்தான் காற்று: யார் போட்ட விதி?

வெளிநாட்டில் டைவிங் கடைக்குப் போனால் முதலில் கேட்பது பணம் இல்லை, கார்டு. 'ஓபன் வாட்டர்' என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்ததற்கான சான்று அது. பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ., என்.ஏ.யு.ஐ. போன்ற அமைப்புகள் இதைத் தருகின்றன. இந்தப் பயிற்சி முடித்தவர் 18 மீட்டர் ஆழம் வரை துணை டைவருடன் போகலாம்.

சுவாரஸ்யம் என்னன்னா, அமெரிக்காவில் பொழுதுபோக்கு டைவிங்குக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று மத்திய அரசுச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் கார்டு இல்லாதவருக்குக் கடைக்காரர்கள் காற்று நிரப்பித் தர மாட்டாங்க. விபத்து நடந்தால் வழக்கு, இழப்பீடு, இன்ஷூரன்ஸ் என்று தலைக்கு மேல் வரும் என்ற பயம்தான் காரணம். அங்கே காவல்காரர் வேலையைக் கடைக்காரரே பார்க்கிறார்.

இஸ்ரேல் கதை வேற. அங்கு 1979-லேயே பொழுதுபோக்கு டைவிங்குக்கு என்று தனிச் சட்டம் போட்டுட்டாங்க. சான்றிதழும் இன்ஷூரன்ஸும் வேணும். கடைசியாக டைவ் பண்ணி 6 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், முதலில் பயிற்றுநருடன் ஒரு முறை இறங்கிக் காட்டணும்.

மாலத்தீவில் 2003-ம் ஆண்டு விதிகளின்படி பொழுதுபோக்கு டைவர்கள் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அதே எல்லைதான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விதிகள் இறுகியதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1998 ஜனவரியில் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் டைவ் செய்த டாம் - எய்லீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதியை, தலை எண்ணிக்கை சரியாகப் பார்க்காமல் நடுக்கடலில் விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்கள் படகில் வரவில்லை என்பதே தெரிந்தது. உடல்கள் கிடைக்கவே இல்லை. அதன் பிறகுதான் படகில் ஏறியவர், இறங்கியவர் கணக்கை எழுத்தில் வைப்பது அங்கே கண்டிப்பானது.

கடையா, கிளப்பா, ரிசார்ட்டா?

உலகம் முழுக்க டைவிங் மக்களிடம் போய்ச் சேரும் வழிகளைப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று வகை தெரியும்.

1. கடை: அமெரிக்காவில் கடலே இல்லாத மாநிலங்களிலும் டைவிங் கடைகள் இருக்கு. கருவி விற்பது, வகுப்பு எடுப்பது, சிலிண்டர் நிரப்புவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ். பயிற்சி நீச்சல் குளத்திலும், தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரியிலும் நடக்கும். விடுமுறைக்குக் கடல் உள்ள இடத்துக்குப் போவார்கள்.

2. கிளப்: பிரிட்டனில் 1953-ல் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் மாதிரி, உறுப்பினர்கள் கூடி நடத்தும் முறை. கம்ப்ரஸரும் படகும் கிளப்புக்குச் சொந்தம். பயிற்றுநர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பிரான்ஸிலும் கிளப் கலாசாரம் வலுவானது. யார் எந்த ஆழம் வரை போகலாம் என்பதை அங்கே விளையாட்டுச் சட்டத் தொகுப்பே சொல்லிவிடுகிறது. தனியாகக் கருவி வாங்க முடியாத கல்லூரி மாணவருக்கு இது பெரிய வாசல்.

3. ரிசார்ட்: தாய்லாந்து, மாலத்தீவு, எகிப்து போன்ற சுற்றுலா நாடுகளில் இதுதான். கையை வீசிக்கொண்டு போனால் போதும், எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். தாய்லாந்தின் கோ தாவ் தீவின் பரப்பளவு வெறும் 21 சதுர கிலோமீட்டர். ஆனால் உலகிலேயே அதிகமான புது டைவர்கள் உருவாகும் இடங்களில் அதுவும் ஒன்று. கடைகளுக்குள் போட்டி அதிகம், அதனால் கட்டணம் குறைவு.

கரீபியன் கடலில் உள்ள பொனேர் தீவில் நிலைமை இன்னும் எளிது. வாடகைக்கு ஒரு பிக்கப் வண்டி, பின்னாடி சிலிண்டர்கள். சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் டைவிங் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்து, கடலில் இறங்கு, முடிந்ததும் நம்ம ஊர் பெட்ரோல் பங்க் மாதிரியான இடத்துக்குப் போய் சிலிண்டரை மாத்திக்கோ. அவ்வளவுதான். கடல்பூங்காவைப் பராமரிக்க ஒவ்வொரு டைவரிடமும் கட்டணம் வாங்குகிறார்கள்.

ஒரே கடல்… இரண்டு கரை!

கடைகள் எங்கே வரும் என்பதைப் பவளப்பாறை மட்டும் தீர்மானிப்பதில்லை. விசாவும் தீர்மானிக்கும். இதற்குச் செங்கடலை விட நல்ல உதாரணம் இல்லை.

மேற்குக் கரையில் எகிப்து. ஹுர்காடா, ஷார்ம் எல் ஷேக், தஹாப் என்று டைவிங்கையே நம்பி வளர்ந்த ஊர்கள். ஐரோப்பாவிலிருந்து சில மணி நேரத்தில் வந்து இறங்கிவிடலாம். எதிர்க்கரையில் சவுதி அரேபியா. அதே தண்ணீர், அதே பவளம். ஆனால் 2019 செப்டம்பரில்தான் சவுதி பொதுவான சுற்றுலா விசாவைத் தொடங்கியது. அதுவரை அங்கே டைவ் செய்தவர்களில் பெரும்பாலானோர் அந்நாட்டு மக்களும், வேலைக்காகப் போய்த் தங்கியிருந்த வெளிநாட்டவர்களும்தான்.

கடல் சரியில்லாத இடங்களில் பணம் கடலையே கட்டிவிடுகிறது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 34.5 மீட்டர் ஆழ நீச்சல் குளம் 2004-ல் வந்தது. இத்தாலியில் 42 மீட்டர், போலந்தில் 45 மீட்டர் என்று போட்டி நடந்து, 2021-ல் துபாயில் 60 மீட்டர் ஆழக் குளம் திறக்கப்பட்டது. இன்னொரு பக்கம், மேற்கு ஆப்பிரிக்காவின் நீண்ட கடற்கரையில் டைவிங் சென்டரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

கருவி எங்கிருந்து வருது?

உலகின் பெரிய ஸ்கூபா கருவி நிறுவனங்களை ஒரு கை விரல்களில் எண்ணத் தொடங்கலாம். பிரான்ஸில் பிறந்த அக்வாலங், இத்தாலியின் கிரெஸ்ஸி, மாரெஸ், அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமான ஸ்கூபாப்ரோ. கம்ப்ரஸர் என்றால் ஜெர்மனியின் பாயர். வளரும் நாடுகளில் ஒரு கடை தொடங்கினால் இறக்குமதிச் செலவோடுதான் கணக்கே ஆரம்பிக்கும்.

வாங்கினால் மட்டும் முடியாது. ரெகுலேட்டரைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். சிலிண்டரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்பணும். பிரிட்டனில் இடையில், இரண்டரை ஆண்டில் உட்புறச் சோதனையும் உண்டு. கம்ப்ரஸரின் ஃபில்டரை நேரத்துக்கு மாத்தணும். இன்ஜின் புகை கலந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே போனால், அந்தக் காற்று ஆழத்தில் விஷம்.

சின்ன விஷயம் கூட இடிக்கும். ஐரோப்பாவில் ரெகுலேட்டரை சிலிண்டருக்குள் திருகி மாட்டும் 'டின்' இணைப்பு பரவலாக இருக்கிறது. அமெரிக்காவிலும் ஆசியாவின் பல இடங்களிலும் வெளியே கவ்விப் பிடிக்கும் 'யோக்' இணைப்பு. அடாப்டர் இல்லாமல் போனால், சொந்தக் கருவி பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

இந்தியாவில் என்ன நிலைமை?

அந்தமானின் ஹேவ்லாக் தீவு (இப்போது ஸ்வராஜ் தீவு), லட்சத்தீவு, கர்நாடகாவின் முருதேஸ்வர் அருகே உள்ள நேத்ராணி, கோவா, புதுச்சேரி. இந்தியாவில் ஸ்கூபா என்றால் அடிக்கடி வரும் பெயர்கள் இவைதான். பருவமழைக் காலத்தில் பல இடங்களில் கடை மூடியிருக்கும்.

ஏன் இன்னும் பரவலாக இல்லை? ஒன்று, உயர் அழுத்த சிலிண்டர் என்பது இங்கே வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் பொருள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' அமைப்புதான், 2016-ம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, சிலிண்டர் இறக்குமதிக்கும் நிரப்பும் நிலையத்துக்கும் லைசென்ஸ் தர வேண்டும். வெடித்தால் உயிரே போகும் பொருள் என்பதால் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் சின்ன முதலீட்டில் கடை தொடங்க நினைப்பவருக்கு அது ஒரு பெரிய படி.

இரண்டு, விலை. ரெகுலேட்டர், ஜாக்கெட், கம்ப்யூட்டர் என்று முழு செட் வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். அதனால் பெரும்பாலானோருக்கு ஸ்கூபா என்பது வாழ்க்கையில் ஒருமுறை செய்யும் 'ட்ரை டைவ்' மட்டுமே.

மூன்று, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பவளப்பாறைகள் அதிகம் உள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே நினைத்தபடி இறங்க முடியாது. பவளத்தைக் காப்பாற்ற அது தேவையும்கூட.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில் படம் மாறுகிறது. அங்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கு, தெற்குக் கரைகள். மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, மட்டக்களப்பு என டைவிங் சீசன் கரை மாறி நடக்கும். 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. உலகெங்கும் இருந்து அனுபவசாலிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். அடிப்படைக் கார்டு வைத்திருப்பவருக்கு அந்த ஆழம் கிடையாது.

சிலிண்டர் கிடைத்தது… பயிற்சி கிடைக்கல!

இதுவரை பார்த்தது சுற்றுலாப் பயணியின் உலகம். இனி பார்க்கப்போவது கடலுக்கு அடியில் சோறு தேடும் மனிதர்களின் உலகம்.

மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் கரீபியன் கரையில் மிஸ்கிட்டோ பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஏற்றுமதிக்கான லாப்ஸ்டர் பிடிக்க அங்குள்ள ஆண்கள் ஸ்கூபா சிலிண்டருடன் ஆழத்துக்குப் போகிறார்கள். முறையான பயிற்சி இல்லை. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மீட்டர்கூட பலரிடம் இல்லை. இப்படி இறங்கிய பலர் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, சக்கர நாற்காலியில் முடங்கினார்கள்.

ஏன் அப்படி ஆகுது? கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் உடலில் கரைந்து சேரும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால்? சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்த மாதிரி உடலுக்குள் குமிழிகள் உருவாகும். அது தண்டுவடத்தைத் தாக்கினால் பக்கவாதம். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும்.

இந்த விவகாரம் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 42 மிஸ்கிட்டோ மக்கள் தொடர்பான வழக்கில், 2021 ஆகஸ்ட் 31 அன்று வந்த தீர்ப்பில் ஹோண்டுராஸ் அரசின் பொறுப்பு உறுதியானது. தனியார் படகுகளில் நடந்தாலும், தொழிலாளர் பாதுகாப்பைக் கண்காணிக்க வேண்டியது அரசின் கடமை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இது ஏதோ தூரத்துக் கதை இல்லை. இலங்கையின் கரையோரங்களில் கடல் அட்டை, சங்கு எடுக்க சிலிண்டருடன் இறங்கும் தொழிலாளர்களும் இதே நோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். முத்துக்குளிப்புக்குப் பேர் போன தூத்துக்குடிக் கரையில் மூச்சடக்கி இறங்கிய பரம்பரை இருந்தது. ராமநாதபுரத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இன்றைக்கும் கண்ணாடி ஒன்றை மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கடலுக்குள் இறங்குகிறார்கள். வருஷம் முழுக்க கடலில் இறங்குபவரிடம் கருவி இல்லை; வருஷத்துக்கு ஒரு தடவை இறங்குபவருக்கு முழு செட் வாடகைக்குக் கிடைக்கிறது.

தொழிலாளிக்கு சிலிண்டரைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. தென்கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹேன்யோ' எனப்படும் பெண்கள் சிலிண்டர் இல்லாமல், மூச்சடக்கித்தான் கடல் உணவு சேகரிக்கிறார்கள். மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் அறுவடை, கடலும் மிச்சமாகும் என்பது அவர்கள் வழக்கம். 2016-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. சிலிண்டர் வந்தால், அதோடு பயிற்சி, மீட்டர், பிடிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு எல்லாமே வரணும். சிலிண்டர் மட்டும் வந்ததன் விளைவுதான் ஹோண்டுராஸ்.

கடைசிக் கேள்வி: சேம்பர் எங்கே இருக்கு?

குமிழி நோய்க்கு மருந்து, 'ரீகம்ப்ரஷன் சேம்பர்' என்ற அழுத்த அறை. நோயாளியை உள்ளே வைத்து மீண்டும் அழுத்தத்தை ஏற்றி, ஆக்ஸிஜன் கொடுத்து, மெதுவாக இறக்குவார்கள். எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவு நல்லது. அந்தமானில் இதற்குக் கடற்படை மருத்துவமனையைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒரு ஊரில் எத்தனை டைவிங் கடை இருக்கு என்பதை விட, சேம்பர் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கு என்பதுதான் அந்த ஊர் உண்மையிலேயே டைவிங்குக்குத் தயாரா என்பதைச் சொல்லும்.

நீங்க போறதுக்கு முன்னாடி… இதைக் கேளுங்க!

* பயிற்றுநரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. கேட்கத் தயங்க வேண்டாம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்பதையும் கேளுங்க.
* மருத்துவக் கேள்வித்தாள் தருகிறார்களா? ஆஸ்துமா, இதய நோய், காது பிரச்னை, வலிப்பு இருந்தால் மறைக்காதீங்க. டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம்.
* ட்ரை டைவ் என்றால் 12 மீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. 'இன்னும் கொஞ்சம் கீழே போகலாமா' என்று அவர்களே கேட்டாலும் வேண்டாம்.
* படகில் அவசர ஆக்ஸிஜன் இருக்கா? பக்கத்தில் சேம்பர் எங்கே? பதில் தெரியாத கடையில் இறங்காதீங்க.
* வாடகை ரெகுலேட்டரில் தண்ணீருக்கு மேலேயே மூச்சு விட்டுப் பாருங்க. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் உடனே சொல்லுங்க. ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது என்பதால், ஃபில்டரைக் கடைசியாக எப்போ மாத்தினாங்க என்றும் கேளுங்க.
* தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது. சீராக விட்டு வாங்கணும். அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழிய வாய்ப்பு இருக்கிறது.
* கடைசி டைவுக்கும் ரிட்டர்ன் பிளைட்டுக்கும் இடையில் 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. ஒரே ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரம் கட்டாயம்.
* பவளத்தைத் தொடாதீங்க. வீடியோவுக்காக அதன் மேல் நிற்கவே நிற்காதீங்க.

'எவ்வளவு ஆகும்?' என்பதுதான் நாம் கடையில் கேட்கும் முதல் கேள்வி. ஆனால், ரொம்பக் குறைந்த விலை சொல்லும் கடை பயிற்றுநரிலா, ஃபில்டரிலா, சர்வீஸிலா, எதில் மிச்சம் பிடித்தது என்று மேலே நிற்கும்போதே கேட்டுவிடுங்க. தண்ணீருக்குள் போன பிறகு கேட்க முடியாது.